பசளை போலத் தெரியும்; பசளை அல்ல!



விதைப்புக் காலத்தில் உங்கள் வீட்டு விறாந்தைக்கு என்னென்ன வந்து சேருகின்றன என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். யூரியா மூட்டை, மண்வெட்டி, சேறு காய்ந்த சாரன். இவற்றோடு சில வீடுகளில் ஒரு சிறிய பைக்கற்றும் வந்திருக்கும். பிரித்துப் பார்த்தால் அரிசிக் குறுணலைப் போன்ற சிறு மணிகள். "இது என்ன?" என்று கேட்டால், "புல்லுக்குப் போடுற குறுணல்" என்று பதில் வரும். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

வயல் வேலை ஆண்களின் வேலை, அதைப்பற்றி நமக்கென்ன என்று நாம் இருந்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பைக்கற்றை வாங்கிய காசு வீட்டுக் காசு. அதை வைக்கும் இடம் நம் வீடு. அதை அள்ளிக்கொண்டு போகும் பாத்திரம் பெரும்பாலும் நம் குசினிப் பாத்திரம். அப்படியிருக்க, அதைப்பற்றி நாம் அறிந்திருக்க வேண்டாமா?

எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் தம்பி ஒரு போகத்தில் 2 ஏக்கர் வயல் செய்தான். கையில் காசில்லை. அவனது மனைவி தன் காதுத் தோட்டைக் கழற்றி ஈடு வைத்து, களைநாசினி வாங்கக் கொடுத்தாள். குறுணல் வாங்கி வந்தவன், குசினியிலிருந்த பேசினைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனான். யூரியா எறிவதைப் போலவே வெறுங்கையால் எறிந்துவிட்டு வந்தான். அன்றிரவு நண்டு துளைத்திருந்த வரம்பு ஓரிடத்தில் உடைந்தது. சுபஹுத் தொழுதுவிட்டுப் போய்ப் பார்த்தபோது வயலில் சொட்டு நீரில்லை. மூன்றாவது கிழமை நெல்லுக்குச் சமமாகப் புல்லும் நின்றது.

அந்தப் பேசினோ, கழுவப்பட்டு மறுநாளே அரிசி களையக் குசினிக்கு வந்துவிட்டது. நல்லவேளையாக எங்கள் உம்மா கண்டு, அதைப் பிடுங்கி வெளியே வைத்தார். பிறகு மருமகளைப் பார்த்து, "தோடும் போச்சு, புல்லும் போகல்லையே புள்ள" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தத் தோட்டை மீட்க இரண்டு போகம் சென்றது.

என் தம்பி வாங்கியது மோசமான மருந்தல்ல. அதைப் பசளை என்று நினைத்ததுதான் அவன் செய்த தவறு. பசளையைப் போலத் தெரியும் இந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதை அவனும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குறுணல் என்பது என்ன?

நாம் காணும் மணிகளில் பெரும்பங்கு மருந்தல்ல. களிமண், மணல் போன்ற சும்மாப் பொருள்தான். அதில் ஊறவைக்கப்பட்டோ கலக்கப்பட்டோ இருக்கும் களைநாசினி நூற்றுக்குச் சில பங்கு மட்டுமே. உதாரணமாக, பைக்கற்றில் 5 வீதம் என்று இருந்தால், 1 கிலோ குறுணலில் 50 கிராம்தான் உண்மையான மருந்து. அவ்வளவு சிறிய அளவை வயல் முழுவதும் சமமாகப் பரப்ப முடியாது என்பதனால்தான் அதை மணியாக்கித் தருகிறார்கள்.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. முதுகில் தாங்கி சுமந்து தெளிக்கும்போது காற்றில் பறக்கும் துளி முகத்திலும் மூக்கிலும் படும். அயல் தோட்டத்துக்கும் போகும். குறுணலில் அந்த ஆபத்துக் குறைவு. தாங்கி வேண்டாம், தண்ணீர் சுமக்க வேண்டாம். இந்த இலகுதான் பலரை ஈர்க்கிறது. ஆனால் இந்த இலகுவே பலரைக் கவலையீனமாகவும் ஆக்கிவிடுகிறது.

தமிழ்நாட்டில் நடவு வயல்களுக்கு பியூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் போன்ற களைநாசினிகளை மணலோடு கலந்து எறியும் முறை நெடுங்காலமாக உண்டு. ஹெக்டேயருக்கு 50 கிலோ உலர்ந்த மணல், நட்ட மூன்று நான்கு நாட்களுக்குள், வயலில் மெல்லிய நீர் நிற்கும்போது என்று அங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள். எறிந்தபின் 2 நாட்களுக்கு நீரை வடிக்கவும் கூடாது. புதிதாகப் பாய்ச்சவும் கூடாது. ஏன் இத்தனை நிபந்தனைகள்?

நீர்தான் அதன் வாகனம்

குறுணல் நீரில் விழுந்ததும் அடியில் போய்த் தங்கும். மணியிலிருந்து மருந்து மெல்லக் கரைந்து நீரில் பரவும். பின்பு சேற்றின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படையாகப் படியும். களை விதைகளில் பெரும்பாலானவை மண்ணின் மேற்புறத்திலிருந்துதான் முளைக்கின்றன. முளை அந்தப் படையைத் தாண்டி வரும்போது மருந்தை உறிஞ்சி, வளர முடியாமல் நின்றுவிடும்.

இதிலிருந்து மூன்று விடயங்கள் விளங்கும்.

முதலாவது, நீரில்லாத இடத்தில் மருந்து பரவாது. வயல் மட்டமில்லாமல் மேடும் பள்ளமுமாக இருந்தால், நீருக்கு மேலே தெரியும் மேடுகளிலெல்லாம் புல் முளைக்கும். பள்ளங்களிலோ நீர் ஆழமாகி நெல் முளையே மூழ்கி வாடும்.

இரண்டாவது, இவ்வகை மருந்துகளில் பல, முளைக்கும் களையைத்தான் தடுக்கும்; வளர்ந்த புல்லை ஒன்றும் செய்யாது. இரண்டு மூன்று இலை விட்ட புல்லைக் கண்டபின் கடைக்கு ஓடி, முளைக்கமுன் இடவேண்டிய குறுணலை வாங்கி எறிந்தால், காசைச் சேற்றில் எறிந்தது போலத்தான்.

மூன்றாவது, நீர் ஓடினால் மருந்தும் ஓடும். என் தம்பியின் வயலில் நடந்தது இதுதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். நம் நாட்டில் பெரும்பாலான வயல்கள் நாற்று நடப்படுபவை அல்ல. முளைகட்டிய நெல்லை வீசி விதைக்கப்படுபவை. அங்கே நெல்லும் களையும் ஒரே நேரத்தில் முளைக்கின்றன. நடப்பட்ட நாற்றின் வேர் மருந்துப் படைக்குக் கீழே இருக்கும். வீசிய நெல்லின் வேரோ அந்தப் படையிலேயே இருக்கும். ஆகவே நடவு வயலுக்கென்று செய்யப்பட்ட மருந்து, வீசி விதைத்த வயலில் நெல் முளையையே கருக்கிவிடலாம். சில மருந்துகளில் இளம் நெல்லைக் காக்க இன்னொரு பொருளைச் சேர்த்திருப்பார்கள். "இது வீசி விதைச்ச வயலுக்குச் சரியா? விதைத்து எத்தனையாம் நாள் போடவேண்டும்?" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் எந்தப் பைக்கற்றையும் வாங்க விடாதீர்கள்.

நம் வயல் நீர் எங்கே போகிறது?

"நம் வயலில் போட்டது நம் வயலோடு" என்று நாம் நினைக்கிறோம். நீர் அப்படி நினைப்பதில்லை. மேல்வயலின் வக்கடையைத் திறந்தால் கீழ்வயல், அங்கிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து ஆறு அல்லது களப்பு. 1949ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் நீரை நம்பியிருக்கும் அம்பாறை மாவட்டத்து மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே வாய்க்காலில் ஒருவர் வயலுக்குப் பாய்ச்சுகிறார். ஒருவர் மாடு குளிப்பாட்டுகிறார். இன்னொருவர் கடைசியில் களப்பில் வலை வீசுகிறார்.

இதை மறந்ததால் மற்ற நாட்டவர்கள் பட்ட பாடு நமக்குப் பாடமாக வேண்டும்.

ஜப்பானில் 1960ஆம் ஆண்டளவில் நெல் வயல்களுக்குப் பீ.சீ.பீ. என்ற களைநாசினி பெருமளவில் பாவிக்கப்பட்டது. புல்லை நன்றாகவே அழித்தது. 1962ஆம் ஆண்டு பெய்த பெருமழையில் வயல் நீர் அரியாக்கே கடலுக்கும் பிவா ஏரிக்கும் அடித்துச் செல்லப்பட்டது. மீனும் சிப்பியும் பெருந்தொகையாகச் செத்தன. கமக்காரன் புல்லை வென்றான். மீன்பிடிப்பவன் தொழிலை இழந்தான்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1980களின் தொடக்கத்தில் இதே கதை வேறு விதமாக நடந்தது. சக்ரமென்டோப் பள்ளத்தாக்கின் நெல் வயல்களில் மொலினேட், தையோபென்கார்ப் என்ற களைநாசினிகள் இடப்பட்டன. முன்னையதால் வடிகால்களில் கெண்டை மீன்கள் செத்து மிதந்தன. பின்னையதால் ஆற்று நீரைக் குடித்த சக்ரமென்டோ நகரத்தவர்கள், குழாய்த் தண்ணீர் கசக்கிறது என்று முறையிட்டனர். வயலில் போட்டது வீட்டுக் குவளைக்கு வந்துவிட்டது!

அவர்கள் கண்ட தீர்வு என்ன? மருந்திட்ட வயலின் நீரை, மருந்து சிதையும்வரை அடைத்து வைப்பது. நாட்கள் படிப்படியாகக் கூட்டப்பட்டு, மொலினேட்டுக்கு ஏறத்தாழ 4 கிழமை வரை சென்றது. மீன்கள் சாவதும் நின்றது. ஜப்பானிலும் இன்று களைநாசினி இட்டபின் 7 நாட்கள் நீரை வெளியே விடவேண்டாம் என்று கமக்காரருக்குச் சொல்லப்படுகிறது.

பார்த்தீர்களா? களையை அடக்குவதற்கும் நீரை அடைக்க வேண்டும்; அயலவரின் நீரைக் காப்பதற்கும் அதே நீரை அடைக்க வேண்டும். நம் இலாபமும் அடுத்தவர் நலமும் ஒரே வக்கடையில் இருக்கின்றன. ஆகவே எறியும் நாளுக்கு முன்பே வரம்பைச் சுற்றிப் பார்த்து, நண்டுப் பொந்துகளை மிதித்து அடைக்கச் சொல்லுங்கள். நீர் முறையை வட்டவிதானையிடம் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு வேண்டாம். இன்னொரு நாள் பார்க்கலாம்.

அளவில் நாம் கெட்டிக்காரிகள்

சோற்றுக்கு உப்புப் போட நம்மைவிட யாருக்குத் தெரியும்? அந்தக் கெட்டித்தனத்தை இங்கே பயன்படுத்துங்கள்.

1 ஏக்கர் என்பது 160 பேர்ச். ஒரு பைக்கற்றில் ஏக்கருக்கு 4 கிலோ என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 40 பேர்ச் கண்டத்துக்கு 1 கிலோ. 20 பேர்ச்சுக்கு அரைக் கிலோ. இப்படிக் கண்டம் கண்டமாகக் கணக்குப் பார்த்து எழுதிக் கொடுங்கள். எறியும்போது, அந்த அளவையும் இரண்டாகப் பிரித்து, பாதியை வயலின் நீளவாட்டிலும் மீதியைக் குறுக்குவாட்டிலும் எறிந்தால் சமமாக விழும். "கொஞ்சம் கூடப் போட்டால் நன்றாக வேலை செய்யும்" என்பது தவறு. கூடப் போட்டால் நெல் மஞ்சளிக்கும். குறையப் போட்டால் புல் தப்பும். தப்பிய புல் விதை தரும்.

நெல்லுக்கென்று எழுதப்பட்டதை, மிச்சமிருக்கிறதே என்று வீட்டுத் தோட்டத்துக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் தூவிவிடாதீர்கள். கன்று கருகும், நாம் உண்ணும் காய்க்கும் அது ஏற்றதல்ல.

மருந்து செய்ய முடியாத வேலை

எந்தக் களைநாசினியும் தனியே வயலைச் சுத்தமாக்கிவிடாது. பன்றி நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் நெல்லின் இனம்தான். ஆகவே பொதுவாக நெல்லுக்குக் கெடுதல் செய்யாத மருந்து அதற்கும் கெடுதல் செய்யாது. அது பெரும்பாலும் விதைநெல்லோடு கலந்துதான் வயலுக்குள் வருகிறது. அதைத் தடுக்கும் இடம் வயலல்ல, வீடு! விதைநெல்லைச் சுளகில் கொழித்து, நிறம் மாறிய, கூர் நீண்ட மணிகளைப் பொறுக்கி எடுக்கும் நம் உம்மாமாரின் வேலையை எந்தப் பைக்கற்றும் செய்யாது.

ஒரே மருந்தை ஆண்டாண்டாகப் பாவித்தால் புல்லும் அதற்குப் பழகிவிடும். மருந்துக்குத் தப்பிய ஒன்றிரண்டு செடிகளின் விதையே அடுத்த போகத்தில் வயலை நிரப்புவதுதான் இதற்குக் காரணம். நம் நாட்டில் புரொப்பனில் என்ற களைநாசினிக்கு மசியாத புல் 1990களின் பிற்பகுதியிலேயே காணப்பட்டது. அதே காலத்தை ஒட்டி ஜப்பானின் ஹொக்கைடோ வயல்களிலும், குறுணல்களில் அதிகம் சேர்க்கப்பட்ட மருந்து வகைக்கு அடங்காத களை தோன்றியது. எனவே கடையில் பெயரை மட்டும் மாற்றி வாங்கினால் போதாது. உள்ளே இருக்கும் மருந்து மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முன்வேலை சரியாக நடந்தால் மருந்தின் தேவையே குறையும். முதல் உழவுக்கும் இறுதி உழவுக்கும் இடையில் இரண்டு கிழமையாவது விட்டால் முளைத்த களை சேற்றுக்குள் போகும். வயலை மட்டப்படுத்தி, முளை நிலைத்தபின் நீரைக் கட்டி வைத்தால் பல புற்கள் முளைக்கவே மாட்டா. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் இரசாயனப் பசளை, மருந்து இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதே, அந்தச் சில மாதங்களில் நம் வயல்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். மருந்தை மட்டுமே நம்பியிருந்தவர்கள் அன்று திகைத்து நின்றார்கள்.

மருந்துகளும் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. பரகுவாட் என்ற களைநாசினி 2008இலிருந்து படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2011ஆம் ஆண்டளவில் முற்றாக நிறுத்தப்பட்டது. கிளைபோசேட் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலை, இறப்பருக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டு, 2022இல் தடை நீக்கப்பட்டது. எனவே "போன வருடம் வாங்கினோமே" என்பது போதுமான காரணமல்ல. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட மருந்தையே விற்கலாம். லேபல் தமிழிலும் இருக்க வேண்டும். லேபல் இல்லாமல் சொப்பிங் பேக்கில் நிறுத்துத் தருவதை வாங்கவே கூடாது. ஐயமிருந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் பேசலாம்.

வீட்டில் நம் பொறுப்பு

இனி முழுக்க நம் கையில் இருப்பவற்றைச் சொல்கிறேன்.

1. குசினிப் பாத்திரம் எதுவும் வயல் மருந்துக்குப் போகக்கூடாது. பேசின், கோப்பை, பால்மா டின், சுண்டு எதுவாக இருந்தாலும் சரி. அதற்கென்று ஒரு பழைய வாளியை ஒதுக்கி, சிவப்பு மையால் அடையாளமிட்டு, வெளியே வையுங்கள்.

2. பைக்கற்றைப் பசளை மூட்டைக்குப் பக்கத்திலோ, அரிசி, சீனி, மாடு கோழித் தீன் இருக்கும் இடத்திலோ வைக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். மிச்சத்தை வேறு போத்தலிலோ டின்னிலோ மாற்றாதீர்கள். லேபலோடு கூடிய அதே பைக்கற்றிலேயே இருக்கட்டும்.

3. எறியப் போகிறவருக்குக் கையுறை, நீளக்கைச் சட்டை, மூக்கை மறைக்கத் துணி எடுத்துக் கொடுங்கள். பைக்கற்றின் அடியில் தூள் இருக்கும். காற்றுக்கு எதிரே நின்று கொட்டினால் அது கண்ணில் விழும். வெற்றிலை, பீடி, சாப்பாடு எல்லாம் கை கழுவிய பின்புதான்.

4. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பிள்ளைகளும் இந்த வேலையில் சேரக்கூடாது. கூலிக்குக் களை பிடுங்க வரும் பெண்களை அடுத்த நாளே அந்த வயலில் இறக்குவதும் நியாயமல்ல. அவர்களும் நம்மைப்போன்ற தாய்மார்தான்.

5. வயல் உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். துவைத்த நீர் கிணற்றடியில் தேங்கக்கூடாது. வுழூச் செய்யவும் குடிக்கவும் அந்தக் கிணறுதானே நமக்கு!

6. நீர் அடைத்திருக்கும் நாட்களில் வாத்து, கோழி, ஆடு, மாடு எதுவும் அந்த வயலில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே மீனும் பிடிக்க வேண்டாம். கீரையும் பறிக்க வேண்டாம்.

7. வெறும் பைக்கற்றை அடுப்பில் எரிக்காதீர்கள், அதில் சாமான் கட்டாதீர்கள், வாய்க்காலில் வீசாதீர்கள். லேபலில் சொன்னபடி அகற்றுங்கள்.

தவறுதலாக ஏதும் நடந்தால்

கண்ணில் பட்டால் சுத்தமான நீரால் 15 நிமிடமாவது கழுவுங்கள். தோலில் பட்டால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். பாலோ முட்டையோ புளியோ கரைத்துக் கொடுத்து நேரத்தைப் போக்காதீர்கள். பைக்கற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். எந்த மருந்து என்பது தெரிந்தால்தான் வைத்தியர் உரிய சிகிச்சையைச் செய்ய முடியும். அதனால்தான் பைக்கற் முக்கியம்.

சகோதரிகளே! என் தம்பியின் மனைவி அந்தத் தோட்டை மீட்டபின் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டாள். எந்தப் பைக்கற் வீட்டுக்கு வந்தாலும் லேபலைத் தானே சத்தமாக வாசிக்கிறாள். எந்த வயலுக்கு, எத்தனையாம் நாள், எவ்வளவு, எத்தனை நாள் நீரை அடைக்க வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்து வைக்கிறாள். குறித்தது சரியாக நடக்கிறதா என்று கேட்கவும் செய்கிறாள். முதலில் முகம் சுளித்த என் தம்பி, இப்போது வயலுக்குப் புறப்படுமுன் அவனாகவே அந்த நாட்காட்டியைப் பார்க்கிறான்.

அடுத்த விதைப்புக்கு உங்கள் விறாந்தைக்கும் அந்தச் சிறிய பைக்கற் வரலாம். "இது என்ன?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். வாங்கி, பிரிக்குமுன் வாசியுங்கள்.